வாவிக்கரை உள்ளான்களுக்கு சிக்மா 150-600 கொன்டெம்பொரரி: சேற்றிலும் உப்பிலும் எப்படி நிற்கிறது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பறவைப் படம் எடுக்க வெளிக்கிடுகிறவர் பெரிய லென்ஸ் தேடினால், பாவித்த பொருள் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுவது சிக்மாவின் 150-600 மி.மீ. எஃப்/5-6.3 கொன்டெம்பொரரி. 2014இல் அறிவிக்கப்பட்டது. வாங்க நினைக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி “600 காணுமா?” என்பதுதான். வாவிக்கரை உள்ளான்களுக்கு, அதாவது சேற்றோரம் நடந்து இரை தேடும் கரைப்பறவைகளுக்கு, 600 காணும். ஆனால் படம் நன்றாக வருவது அந்த 600இல் தங்கியில்லை. எவ்வளவு தாழ்வாகக் கிடக்கிறீர்கள், எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள், உப்பை எப்படிக் கையாள்கிறீர்கள் என்ற மூன்றில்தான் தங்கியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் லென்ஸ் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்ப்பதே இந்த மதிப்பீடு. குமணைத் தேசியப் பூங்காவில் ஜீப்பிலிருந்து எடுப்பதற்கோ விளையாட்டுப் போட்டிக்கோ வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு.

எடை 1930 கிராம், வடிகட்டி விட்டம் 95 மி.மீ., ஆகக் கிட்டிய ஃபோக்கஸ் தூரம் 2.8 மீற்றர். கெனன் ஈஎஃப், நிக்கொன் எஃப், சிக்மா எஸ்ஏ என மூன்று மவுன்ட்களில் (கமராவில் பூட்டும் வாய்) வந்தது. சோனிக்கும் எல் மவுன்ட்டுக்கும் 2021இல் வந்த ‘டிஜி டிஎன் ஸ்போர்ட்ஸ்’ வேறு லென்ஸ், 2.1 கிலோ. விளம்பரத்தில் இரண்டையும் ‘சிக்மா 150-600’ என்றே போடுகிறார்கள், மவுன்ட்டைக் கேட்காமல் முற்பணம் அனுப்ப வேண்டாம். இதே பெயரில் டிஎஸ்எல்ஆருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் வகையும் உண்டு, அது 2860 கிராம். நீர்ப்புகாக் காப்பு அதில் முழுதாக உண்டு. கொன்டெம்பொரரியில் மவுன்ட் பக்கத்தில் மட்டும்தான் ரப்பர் வளையம். இந்த வித்தியாசத்துக்குத்தான் பிறகு உப்பு பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் தூரம். கொசு உள்ளான் 13 சென்ரிமீற்றர் பறவை. 600இல் 15 மீற்றரிலிருந்து எடுத்தால் சென்சரில் அது 5 மி.மீ. அளவில்தான் விழும். பெரிய சென்சருள்ள ஃபுல் பிரேமில் அகலத்தின் ஏழில் ஒன்று, சிறிய சென்சருள்ள ஏபிஎஸ்-சி கமராவில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. அதே பறவை 6 மீற்றரில் நின்றால் 13 மி.மீ., ஏபிஎஸ்-சி பிரேமில் பாதிக்கு மேல். நெடுங்கால் உள்ளான் பெரிய பறவை, 15 மீற்றரிலேயே போதுமான அளவில் விழும். எனவே கொசு உள்ளானும் சின்ன உப்புக்கொத்திகளும் வேண்டுமென்றால் 6 முதல் 10 மீற்றர், பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளானுக்கு 12 முதல் 18, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவையான கோட்டானுக்கு 25 வரை. அதற்கு அப்பால் நிற்கும் பறவைக்கு குவியத்தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகொன்வேர்ட்டர் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் 840 மி.மீ., ஆனால் எஃப்/9. பல டிஎஸ்எல்ஆர்கள் எஃப்/8க்கு மேல் ஒழுங்காக ஃபோக்கஸ் பிடிப்பதில்லை. அந்தத் தூரத்தில் சேற்றுக்கு மேல் காற்றும் துடிக்கும். அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டப் போவது நடந்து போவதல்ல. பறவை உங்களிடம் வரும் இடத்தில் முன்கூட்டியே போய்க் கிடப்பது. இங்கே ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் அளவு, சிறியது. கரைக் கடலிலேயே பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கு அரை மீற்றர் அளவுதான், வாவிக்குள் நுழைந்த பிறகு சில சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். பாலமீன்மடு முகத்துவாரம், கல்லாற்று வாய், பனிச்சங்கேணி, வாழைச்சேனை, பொத்துவில் களப்பு போன்ற வாய்க்கிட்டத்து இடங்களில்தான் வற்றும் பெருக்கும் சேற்றுத் திட்டில் தெரியும். சேறு தட்டையாக இருப்பதால் நான்கு விரல் தண்ணீர் ஏறினாலே பல மீற்றர் அகலமான திட்டு மறைந்து, அதில் மேய்ந்த பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். பெருக்கு உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே அந்தக் கரையில் போய்ப் படுத்துவிட்டால் மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். வற்றும்போது போனால் பறவை உங்களை விட்டுத் தள்ளித் தள்ளித்தான் போகும்.

வாய் மூடிக்கிடக்கும் மாதங்களில் ஓத அட்டவணை உதவாது. மணல் அடைத்துவிட்டால் வாவி மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும் வெயிலும் காற்றும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைத் தண்ணீர் திட்டுகளை மூடிவிடும், உள்ளான்கள் வயல்களுக்கும் உயர்ந்த ஓரங்களுக்கும் போய்விடும். வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டிவிட்டால் மட்டம் விறுவிறுவென்று இறங்கும். புதுச்சேறு வெளியே வரும் அந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. மற்றபடி நல்ல காலம் இரண்டு: வலசை வந்தவை இறகு மாறி நிற்கும் பெப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை, தண்ணீர் வற்றியிருக்க முதல் கூட்டங்கள் வந்திறங்கும் ஓகஸ்ட் கடைசி முதல் ஒக்டோபர் வரை. மார்ச், ஏப்ரலில் சில உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சில் செம்பழுப்பு ஏறியிருக்கும். இங்கே அந்த நிறத்தைப் பார்க்கக் கிடைப்பது அந்தச் சில கிழமைகள் மட்டுமே.

இனித் தாழ்வு. இதுதான் முக்கியம், அதனால் கணக்கோடு சொல்ல வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் லென்ஸ் நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருக்கும். 15 மீற்றரில் நிற்கும் பவளக்காலியின் உடல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் பார்வைக் கோடு பறவையைத் தாண்டி 1.7 மீற்றரிலேயே சேற்றில் முட்டிவிடும். அதாவது பின்னணி என்பது பறவைக்குப் பின்னால் ஒன்றே முக்கால் மீற்றரில் கிடக்கும் சேறு, அதிலுள்ள ஊரி, குச்சி, பொலித்தீன் எல்லாம் அடையாளம் தெரியும்படி வரும். அதே லென்ஸை 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறக்குங்கள். கோடு பறவைக்கு அப்பால் 15 மீற்றர் போய்த்தான் நிலத்தைத் தொடும். பின்னணி முழுதும் கரைந்து ஒரே நிறமாகிவிடும், எஃப்/8இலேயே. ‘எஃப்/6.3 இருட்டு லென்ஸ், பின்னணி கரையாது’ என்று இந்த லென்ஸைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டு எடுக்கிறவர்கள். பெரிய விலையில் எஃப்/4 வாங்கி நின்று எடுப்பதைவிட, இதை வைத்துக்கொண்டு படுத்து எடுப்பது பல மடங்கு மேல்.

1930 கிராம் என்ற எடை இங்கேதான் கைகொடுக்கிறது. படுத்துக்கொண்டு முழங்கையில் தாங்கி இரண்டு மணி நேரம் வைத்திருக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய இதுதான். ஸ்போர்ட்ஸ் வகையின் 2860 கிராமோடு இந்த வேலையைச் செய்யத் தாங்கி இல்லாமல் முடியாது.

கடினமான மணல் தரையில் நெல் நிரப்பிய பை போதும். இரண்டு, இரண்டரைக் கிலோ நெல்லைத் தடித்த பொலித்தீனில் கட்டி, மேலே துணிப்பை. மணல் நிரப்ப வேண்டாம். பையிலிருந்து கசியும் ஒரு பிடி மணல் சூம் குழாய்க்குள் போனால் பிறகு ஒவ்வொரு சுற்றலிலும் கரகரக்கும். இளகிய சேற்றில் பை அமிழ்ந்துவிடும். அங்கே தட்டையடி அலுமினியத் தாச்சி ஒன்று, விட்டம் 28 முதல் 30 சென்ரிமீற்றர். நடுவில் துளைத்து 3/8 அங்குல ஆணியைக் கீழிருந்து மேலே விட்டு, இரு பக்கமும் அகன்ற வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் பந்துத் தலையைத் திருகிவிடலாம். ஆணித்தலை அடியில் துருத்திக்கொண்டு நின்றால் சேற்றில் தள்ளும்போது இழுக்கும், ஆகவே தட்டைத்தலை ஆணி வாங்குங்கள். தாச்சியின் விளிம்பு சேறும் சிற்றலையும் லென்ஸில் ஏறாமல் தடுக்கும். லென்ஸ் உயரம் 20, 25 சென்ரிமீற்றரில் அமையும்.

சிக்மாவின் குறை ஒன்று இங்கே தெரியும். லென்ஸோடு வரும் ட்ரைபொட் கால் சிறியது, பந்துத் தலையின் கவ்வியில் நேரே செருகும் ஆர்க்கா வெட்டும் இல்லை. அதில் 10 சென்ரிமீற்றர் அளவிலான ஆர்க்கா தட்டு ஒன்றைத் திருகியே பூட்ட வேண்டும், ஒரே திருகு என்பதால் எடையில் அது சுழன்று தளரும். தட்டின் ஓரத்தில் தடுப்பு உதடு உள்ளதைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் கிழமைக்கொருமுறை இறுக்குங்கள். கையில் பிடித்தே எடுப்பவர் வளையத்தை முழுதாகக் கழற்றிவிடலாம், எடை இன்னும் குறையும்.

சூம் பூட்டு இந்த லென்ஸின் பாராட்ட வேண்டிய பகுதி. 150இல் மட்டுமல்ல, குறியிட்ட எந்தத் தூரத்திலும் பூட்டலாம், வளையத்தைச் சற்று அழுத்திச் சுற்றினால் தானே விடுபடும். சேற்றில் கிடக்கும்போது 500இல் பூட்டி விட்டுவிடுங்கள். ஏன் 500? நடுப்பகுதிக் கூர்மை 400, 500 வரை நன்றாக இருந்து, 600இல் முழுத்திறப்பில் சற்று இளகுகிறது. 600இலேயே வேண்டுமானால் எஃப்/8க்கு மூடினால் இறகுக் கோடுகள் திரும்பி வரும். இரண்டாவது காரணம், அடிக்கடி நீட்டிச் சுருக்காமல் இருப்பது. ஒவ்வொரு முறை நீளும்போதும் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, வாவிக்கரையில் அந்தக் காற்றில் உப்பு இருக்கும்.

ஃபோக்கஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக. பக்கத்திலுள்ள எல்லைச் சுவிட்சில் முழு வீச்சு, 10 மீற்றர் முதல் முடிவிலி, 2.8 முதல் 10 மீற்றர் என மூன்று நிலைகள். பறக்கும் பறவைக்கு இரண்டாவது நிலை போட்டால் லென்ஸ் ஃபோக்கஸைத் தேடி அலையும் நேரம் வெகுவாகக் குறையும். கொசு உள்ளான் கிட்ட வந்துகொண்டிருக்கும்போது அதே நிலையில் விட்டால் 10 மீற்றருக்குள் வந்ததும் லென்ஸ் அசையாது நிற்கும். லென்ஸில் கோளாறு என்று நினைத்து நல்ல நிமிடங்களை இழப்பவர்கள் அதிகம். கரையில் படுத்ததும் முழு வீச்சுக்கு மாற்றிவிடுங்கள். 600, எஃப்/8, 15 மீற்றர் என்றால் ஃபுல் பிரேமில் தெளிவு விழும் ஆழம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், ஏபிஎஸ்-சியில் 20. பவளக்காலி பக்கவாட்டில் நின்றால் தாராளம். பெரிய கோட்டான் அலகை உங்கள் பக்கம் நீட்டினால் கண்ணும் அலகு நுனியும் சேர்ந்து கிடைக்காது. கண்ணைப் பிடியுங்கள், அலகு போகட்டும்.

ஒற்றைப் புள்ளியோ சின்னக் குழுவோ போதும். அகலமான பரப்பைத் திறந்துவிட்டால் சிற்றலையின் மினுக்கத்தை அது பிடிக்கும். பறவைக்கண் கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் கமராவில் அடப்டர் வழியாகப் பூட்டுகிறவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் அசையாமல் கிடக்கும் விடியலில் கமரா தண்ணீரில் தெரியும் பறவை நிழலின் கண்ணைப் பிடித்துவிடும். பிரேமில் நிழலின் தலையும் நிசத்தின் தலையும் ஒரே கூர்மையாகத் தோன்றுவதால் சின்னத் திரையில் தெரியாது, வீட்டில்தான் தெரியும். கண்டுபிடிக்கும் பரப்பை மேல்பாதிக்குச் சுருக்கிவிட்டால் தீரும். அடப்டரில் பாவிக்க முன் கமரா, லென்ஸ் இரண்டின் ஃபேர்ம்வேரையும் புதுப்பியுங்கள்.

டிஎஸ்எல்ஆரில் இதை வாங்குகிறவர் லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிக்மாவின் யூஎஸ்பி டொக்கையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். கமராவிலுள்ள ஃபோக்கஸ் நுண்திருத்தம் சூம் லென்ஸுக்கு ஒன்றிரண்டு எண்ணைத்தான் தரும். டொக்கில் நான்கு குவியத்தூரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு தூரம், ஆக 16 இடங்களில் திருத்தலாம். பதினாறையும் ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். நீங்கள் பாவிக்கப்போவது 500, 600 முனை, 10 முதல் 20 மீற்றர், அந்த இரண்டு கட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள். காலை நிழலில், காற்றில்லாத நேரம், ட்ரைபொட்டில், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் நிலைப்படுத்தி நிறுத்தப்பட்டு, ஒரு இலக்குக்குப் பத்துப் படம் எடுத்து, பெரும்பான்மை எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். ஒரு படத்தைப் பார்த்துத் திருத்தினால் மோசமாகும். நிலைப்படுத்தி எப்படி இயங்க வேண்டும், ஃபோக்கஸ் வேகம் எது என்பவற்றை சீ1, சீ2 என்ற சுவிட்சில் ஏற்றி வைப்பதும் இதே டொக்கில்தான். சீ1இல் வேகமான ஃபோக்கஸ், சீ2இல் சாதாரணம் என்று வைத்தால் இரண்டுக்கும் வேலை இருக்கும்.

நிலைப்படுத்தியின் முதல் நிலை நிற்கும் பறவைக்கு, இரண்டாவது குறுக்கே பறக்கும் பறவையைத் தொடர்ந்து சுழற்றும்போது. நெல்பையில் வைத்தாலும் போட்டே வையுங்கள், திடமான ட்ரைபொட்டில் மட்டும் நிறுத்துங்கள். தோணியில் எடுப்பவர் இயந்திரத்தை நிறுத்திக் கோல் ஊன்றச் சொல்லுங்கள். ட்ரைபொட்டைத் தோணிப் பலகையில் ஊன்றினால் பலகையின் அதிர்வு முழுதும் லென்ஸுக்கு வரும், கையில் பிடிப்பதே மேல்.

வெளிச்சக் கணக்கு. விடிந்து அரை மணிக்குள் எஃப்/6.3, 1/500, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. இந்த நேரத்தில் இருட்டு லென்ஸ் என்பது உண்மையாகவே உறைக்கும், பறக்கும் படத்தை மறந்துவிட்டு நின்று இரை தேடும் பறவையை, அது தலையை நிறுத்தும் கணத்தில் எடுங்கள். பவளக்காலிக்குத் தலையை மேலும் கீழும் ஆட்டும் பழக்கம் உண்டு, ஆட்டத்தின் உச்சியில் ஒரு நொடியின் பங்கு நிற்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு மனுவலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/1600. கறுத்த சேற்றின்முன் வெள்ளைக் கொக்கு வந்தால் அதே அமைப்பில் வேகத்தை மட்டும் 1/3200க்கு ஏற்றுங்கள். கமராவின் தானியங்கி அளவீட்டை நம்பினால் சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கின் முதுகு வெறும் கடதாசியாகிவிடும், அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நெடுங்கால் உள்ளானின் கறுப்புச் சிறகும் வெள்ளை வயிறும் சேர்ந்தால், வெள்ளையைக் காப்பாற்றிவிட்டுக் கறுப்பைப் பிறகு தூக்குங்கள். பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல்.

எந்தக் கரை என்பதும் லென்ஸ் அளவுக்கு முக்கியம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது, கடல் கிழக்கே. காலையில் கடற்பக்கக் கரையில், அதாவது கல்லடி, காத்தான்குடி, கல்லாறு இருக்கும் பக்கத்தில் இருந்து மேற்கே பார்த்தால் சூரியன் முதுகில். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் மாதங்களில் காற்றும் முதுகுப் பக்கமே. பறவை காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், எழும். ஆகவே இறங்குவதும் எழுவதும் உங்கள் முகத்தைப் பார்த்து நடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் பின்னேரம் மேற்குக் கரை, கிழக்கேயுள்ள எழுவான்கரையைப் பார்த்து. ஆனால் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறினால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும், பறவைகள் உங்களுக்கு வாலைக் காட்டிக்கொண்டே நிற்கும்.

கானல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘600இல் கூர்மை இல்லை’ என்று இந்த லென்ஸை விற்பவர்களில் பாதிப்பேர் விற்க வேண்டியது லென்ஸையல்ல, ஒன்பது மணி வெயிலை. சேறும் ஈர மணலும் சூடேறியதும் அதன் மேலுள்ள காற்று துடிக்கத் தொடங்கும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும்போது அந்தத் துடிப்பின் வழியாகத்தான் முழுத் தூரமும் பார்க்கிறீர்கள். சோதிப்பது சுலபம்: ஒரே பறவையைப் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் கூர்மை மாறி மாறி வந்தால், ஓரங்கள் நெளிந்தால், கானல். எல்லாம் ஒரே மாதிரி மங்கலானால் ஃபோக்கஸ் பிழை. வெயில் நாளில் எட்டரை மணிக்கு மேல் 10 மீற்றருக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள், மற்றதற்கு மூட்டம் போட்ட நாளை வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பவர் ஏசியை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கிப் பத்து நிமிடம் விடவேண்டும். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் சன்னலில் கலப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். ஏசி அறையில் தூங்கிய லென்ஸைப் பைக்குள்ளேயே வைத்து முக்கால் மணி நேரம் வெளியே விட்டுப் பிறகு திறங்கள். இல்லாவிட்டால் விடியலின் நல்ல வெளிச்சம் முழுதும் கண்ணாடி வியர்வை துடைப்பதில் போகும்.

இனி உப்பு. கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸைச் சுருக்கிப் பைக்குள் போடுவதுதான் இதைக் கொல்லும் பழக்கம். நீண்டிருந்த குழாயில் படிந்த உப்பும் மணலும் சுருங்கும்போது உள்ளே போய்விடும். முறை இதுதான்: லென்ஸை 600இல் நீட்டியபடியே, வாயைக் கீழே சாய்த்து, காற்றுப் பம்பால் ஊதுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய துணியால் குழாயை நுனியிலிருந்து அடிநோக்கி ஒரே திசையில் துடையுங்கள், துணியின் சுத்தமான பக்கத்தை மாற்றி மாற்றி. காய்ந்த துணியால் உப்பைத் தேய்த்தால் கீறும். உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்து, மின்விசிறிக் காற்றில் சற்று வைத்த பிறகே சுருக்குங்கள். சூம் வளையத்தின் ரப்பர் ஓரம், சுவிட்சுகளின் இடுக்கு, ட்ரைபொட் வளையத்தின் உட்புறம், இந்த மூன்றிலும்தான் வெள்ளைப் பூச்சாக உப்புத் தெரியும். ஹூட்டைக் கழற்றித் தாராளமாகக் கழுவலாம். முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் நீர் ஒட்டாப் பூச்சு இருக்கிறது, துளிகள் ஊதினாலே ஓடிவிடும். மலிவான 95 மி.மீ. யூவீ வடிகட்டி போட்டால் 600இல் கூர்மை போய்விடும், ஹூட்டே நல்ல காவல். தூறலில் பொலித்தீன் உறை கட்டாயம், வாடை மழையில் உறை இருந்தாலும் வேண்டாம்.

பூஞ்சணம் இங்கே உப்புக்கு அடுத்த எதிரி. காற்று இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும், 60ஐத் தாண்டிக் கிடந்தால் கண்ணாடிக்குள் வலை பின்னத் தொடங்கும். ஜெல் நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைட்டு இருக்கிறது, சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது, அதற்கென்று ஒரு பழைய சட்டி வையுங்கள்.

வாவியோரம் படுப்பவருக்கு லென்ஸுக்கு அப்பாற்பட்ட ஒரு சேதி: முதலை. மட்டக்களப்பு வாவியிலும் பொத்துவில் களப்பிலும் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில், கண்டல் வேர்களுக்குப் பக்கத்தில், பொழுது மங்கும் நேரத்தில் படுப்பது பொருத்தமான துணிச்சல் இல்லை. வீச்சுவலைக்காரரிடம் “அண்ணே, இந்தப் பக்கம் முதலை நடமாட்டம் எப்பிடி?” என்று கேட்டுவிட்டே இறங்குங்கள், அவர் கைகாட்டும் இடத்தில் படுங்கள், வேறு எந்த வரைபடத்துக்கும் அந்த அறிவு கிடையாது. விளிம்பிலிருந்து நான்கைந்து மீற்றர் உள்ளே கிடந்தாலும் 600 தாராளமாக எட்டும். இந்த லென்ஸின் நீளம் உண்மையில் உயிர்காக்கும் இடம் அதுதான். கொமாரி, பாணமைப் பக்கம் யானையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள். சேற்றில் இறங்கும்போது பழைய கன்வஸ் சப்பாத்து, காலைத் தூக்காமல் உரசி நடை: ஊரியும் சிப்பியும் வெட்டும், திருக்கை மிதிபட்டால் முள் ஏற்றும்.

பறவையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பவளக்காலி நிமிர்ந்து கத்தத் தொடங்கினால், ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றினால், நீங்கள் அதிகம் கிட்டப் போய்விட்டீர்கள். அசையாமல் இருங்கள் அல்லது மெல்லப் பின்வாங்குங்கள். பெருக்கு நேரத்தில் ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் பறக்கவைத்து எடுப்பது படமில்லை. ஆயிரக்கணக்கான மைல் பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை அந்தப் பறப்பு கரைத்துவிடும். வெயில் மாதங்களில் காய்ந்த உப்புத்திடலில் நெடுங்கால் உள்ளானும் சில உப்புக்கொத்திகளும் சின்ன ஆலாவும் முட்டையிடும். மணல் நிற முட்டை காலுக்குக் கீழே வரும்வரை தெரியாது. அந்தத் திடலில் படுக்கவே வேண்டாம்.

மாற்றுகளைச் சுருக்கமாக. நிக்கொன் 200-500 எஃப்/5.6 முழுவதும் ஒரே திறப்பு, விடியலில் இதைவிடச் சற்று முன்னே, ஆனால் 2.3 கிலோ, 500இல் முடிகிறது. நிக்கொன் உடல் வைத்திருப்பவர், தாச்சியிலோ பையிலோ வைத்தே எடுப்பவர் என்றால் அதுவே மேல். டம்ரொன் 150-600 ஜி2 2.2 மீற்றர் வரை கிட்ட ஃபோக்கஸ் ஆகும், படத் தரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில். கெனன் மிரர்லெஸ் வைத்திருந்து முதுகு வலிக்காரராக இருந்தால் ஆர்எஃப் 100-400: வெறும் 635 கிராம், முனையில் எஃப்/8. கூட்டமாக மேயும் உள்ளான்களோடு கண்டல், தோணி, வலை என்று இடத்தையும் சேர்த்து எடுக்க அந்த 400 உண்மையில் நல்ல நீளம்.

பாவித்ததை வாங்கும்போது இந்த ஒழுங்கில் பாருங்கள். கைபேசி வெளிச்சத்தைப் பின்கண்ணாடி வழியாகச் செலுத்தி முன்னாலிருந்து சாய்த்துப் பாருங்கள், நூல்போல வெள்ளைக் கிளை தெரிந்தால் பூஞ்சணம், விலை குறைத்தாலும் வேண்டாம். சில தூசிப் புள்ளிகள் படத்தில் வராது. 150இலிருந்து 600க்கு மெதுவாகச் சுற்றுங்கள், எங்காவது கரகரப்போ இறுக்கமோ இருந்தால் உள்ளே மணல். பூட்டாமல் வாயைக் கீழே பிடித்து ஆட்டிப் பாருங்கள், சற்று வழுகுவது இயல்பு, தடாலென்று விழுந்தால் தேய்ந்திருக்கிறது. நிலைப்படுத்தியைப் போட்டு 600இல் ஷட்டரைப் பாதி அழுத்துங்கள், மெல்லிய இரைச்சல் வரும், கண்ணில் படம் தரித்து நிற்க வேண்டும், துள்ளினால் கோளாறு. செங்கல் சுவரொன்றை நேர்முகமாக 20 மீற்றரிலிருந்து எஃப்/8இல் எடுத்து நான்கு மூலையையும் பெருப்பித்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, திருத்தச் செலவு லென்ஸ் விலைக்குக் கிட்ட வரும். மவுன்ட் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா, ஹூட், ட்ரைபொட் வளையம், அதன் ரப்பர் மூடி, முன்மூடி எல்லாம் சேர்ந்து வருகிறதா என்று எண்ணிப் பெற்றுக்கொள்ளுங்கள். 95 மி.மீ. முன்மூடி இங்கே கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சாமான் இல்லை.